தகரப் படகில் ராஜவாய்க்கால்

என் கணவருக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. நாளெல்லாம் தகரத்தை அடித்து நிமிர்த்திவிட்டு வருகிறவர், வீட்டில் அதிகம் பேச மாட்டார். எழுபதுகளின் கடைசியில், நல்ல மழை பெய்த ஒரு வருஷம், தூசூர் ஏரி நிரம்பி வழிந்தது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. நாங்களும் போனோம். திரும்பி வரும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்புள்ள, ஒரு படகு செய்யலாம்னு இருக்கறேன்."

"எதுக்குங்க?"

"போறதுக்குத்தான்."

எங்கே போவதற்கு என்று கேட்டதற்குச் சைக்கிள் மணியை அடித்தார்.

பட்டறையில் மிஞ்சிய தகரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அந்தப் படகைச் செய்தார். இருவர் கால் நீட்டி உட்காரலாம். ரிவெட் அடித்த இடங்களில் தார் பூசினார். லாரிக்கு அடிக்கிற மஞ்சள் பெயிண்டையே அதற்கும் அடித்து, நீலக் கோடு இழுத்தார். பட்டறைப் பெயிண்டர் யாரையும் கேட்காமல் பின்பக்கம் 'நன்றி மீண்டும் வருக' என்று எழுதிவிட்டார். "தண்ணிக்குள்ள பின்னாடி யாரு வந்து படிக்கப் போறாங்க?" என்று கேட்டேன். "மீன் படிக்கும்" என்றார் என் கணவர். கல்யாணமாகி ஆறேழு வருஷத்தில் அவர் சொல்லிக் கேட்ட முதல் தமாஷ் அதுதான்.

மார்கழியில் ஒரு விடியற்காலை தூசூர் ஏரியில் படகை இறக்கினோம். அவருக்கு நீச்சல் தெரியாது, எனக்குத் தெரியும். நானும் அக்காளும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒன்றாகக் கற்றுக்கொண்டது. அந்தத் தைரியத்தில்தான் ஏறினேன். குளிரில் பல் கிட்டியது. ஆனால் ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கை விறைக்கும்போதெல்லாம் தண்ணீருக்குள் விட்டுச் சூடேற்றிக்கொண்டேன். அவர் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டு, தான் சின்ன வயதில் கண்ட கனவு, பார்த்துப் பயந்த நாய், செத்துப்போன தம்பி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கரையில் ஒருநாளும் சொல்லாததை எல்லாம் சொன்னார். நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அதன் பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. ராஜவாய்க்காலில் இறங்கி மோகனூர் வரைக்கும் போகலாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த வாய்க்கால் பொத்தனூரில் என் அக்காள் வீட்டுத் தோட்டத்தை ஒட்டிப் போகிறது. அக்காளும் நானும் பேசிக்கொள்வதில்லை. அவள் மகனுக்குக் காது குத்தியபோது போட்டோ பிடிக்க எல்லோரையும் கூப்பிட்டவள், அடுப்படியில் நின்ற என்னை மறந்துவிட்டாள். நான் ஒரு சொல் சொன்னேன், அவள் இரண்டு சொன்னாள். அதன் பின் இரண்டு பொங்கல் போய்விட்டது.

"பொத்தனூரைத் தாண்டி, வேலூருக்கு அக்கட்டால படகை எறக்குனா ஆகாதுங்களா?" என்று கேட்டேன்.

"படகை ஏத்தற லாரி அதுக்கு முன்னாலயே, பாண்டமங்கலத்தோட திரும்பீருதாம்" என்றார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, லாரியில் படகை ஏற்றிக்கொண்டு போய், விடிகிற நேரத்தில் பாண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் இறக்கினோம். நான் ஸ்வெட்டருக்கு மேலே அவருடைய பழைய சட்டையைப் போட்டு, தலையில் துண்டை முண்டாசு கட்டியிருந்தேன். வாய்க்கால் எங்களைத் தானாக இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் வாழையும் கரும்பும் பனிக்குள் மங்கலாகத் தெரிந்தன. கரும்பாலை ஒன்றில் வெல்லப்பாகு கொதிக்கும் வாசனை வந்தது. அங்கிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார்கள். "ஏனுங்க, லாரி தண்ணிக்குள்ள வருதுங்க!" என்று ஒரு பெண் கத்தினாள்.

பொத்தனூர் நெருங்கியதும் நான் முண்டாசை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். குனிந்தபடியே தாண்டிவிடலாம் என்று எண்ணம். அதற்கு முன்னால் ஒரு தாழ்ந்த கல்பாலம் இருந்தது. மல்லாந்து படுத்தால்தான் அடியில் நுழைய முடியும். படுத்தோம். பாதி போனதும் படகு இடதுபக்கம் சாய்ந்து கல்லில் உரசி, கிரீச்சென்று ஒரு சத்தம். வெளியே வந்தபோது ஒரு ரிவெட் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் சின்ன ஊற்றுப்போல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் சொம்பால் மொண்டு ஊற்ற ஊற்ற, அவர் ஓட்டையில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடுப்புப் போட ஆளில்லை. படகு தானாகவே ஒரு படித்துறைப் பக்கம் ஒதுங்கியது.

படியில் ஒருத்தி பால் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் அக்காள்.

நிமிர்ந்து பார்த்தாள். பனிக்குள்ளிருந்து மஞ்சள் தகரம் ஒன்று வருகிறது. உள்ளே முண்டாசு கட்டிய ஆள் ஒன்று. கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு சொம்பைப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"ஏன்டி, கூறு இருக்குதாடி உனக்கு? இந்தக் குளுருல, மாப்பளையையும் கூட்டிக்கிட்டு! நீச்சக்கூடத் தெரியாத மனுசன்!"

"நா எங்கக்கா கூட்டிக்கிட்டு வந்தேன்? அவருதான் என்னைக் கூட்டிக்கிட்டு வாராரு!"

பேச மாட்டேன் என்றிருந்தது எனக்கே ஞாபகமில்லை. படகின் மூக்கைப் பிடித்து அவள் கரைக்கு இழுத்தாள். கரை தட்டிய பிறகும் அவர் ஓட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. "விரலை எடுங்க மாப்பளை, படகு கரைக்கு வந்தாச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் எடுத்தார்.

வெந்நீர் வைத்தாள். தன் சேலையைக் கொடுத்தாள். ராகிக் களியும் கீரையும் போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் போட்டோவை எடுத்துவந்து என் மடியில் போட்டாள்.

"பாரு. நானே இதுல கண்ணை மூடிக்கிட்டு நிக்கறேன். இதுக்குத்தான் அத்தனை ரோசம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளுக்கும்தான். வெற்றிலைக் கொடிக்காலில் இருந்து வந்த அக்காள் வீட்டுக்காரர், இரண்டு பேரும் அழுவதைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று பதறிப்போனார்.

என் கணவரும் அவரும் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார்கள். வெயில் ஏறியதும் புறப்பட்டோம். அக்காள் படித்துறை வரைக்கும் வந்தாள். "சித்தெ இரு" என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிப் புருஷனுக்குக் குரல் கொடுத்துவிட்டு, கட்டிய சேலையோடு படகில் ஏறி என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படகு விளிம்பு வரை அமிழ்ந்தது. என் கணவர் துடுப்பை எடுத்தார்.

மோகனூர் போய்ச் சேர மாலையாகிவிட்டது. வழியெல்லாம் நாங்கள் இருவரும்தான் பேசினோம். அவர் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டே வந்தார். பின்னாளில் ஒருமுறை, லாரி நிஜமாகவே பாண்டமங்கலத்தோடு திரும்பிவிட்டதா என்று கேட்டேன். "டிரைவரைத்தான் கேக்கோணும்" என்றார்.

மறுநாள் படகை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அக்காள் வீட்டிலேயே விட்டுவிட்டோம். எண்பதுகளில் பல வருஷம், அக்கரைக் கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டுகளை அதில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மார்கழி தோறும் நாங்கள் போகிற அன்று மட்டும் அதில் வெற்றிலை ஏற்றமாட்டார்கள். காலையிலேயே துடைத்து, உட்காரும் இடத்தில் அக்காள் ஒரு கோணிச்சாக்கை விரித்து வைத்திருப்பாள்.