சண்டை பிடித்த மேசையில் கை நனைத்தது

கொம்யூன் சபை

மேற்கு யூலண்டில் எங்கள் சிறுநகரத்தின் உள்ளூராட்சியான கொம்யூன் சபைக்கு நான் தெரிவானபோது, முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். டென்மார்க்கில் சபை உறுப்பினர் பதவியை நம்பி வேலையை விட முடியாது. காலையில் வயோதிபரைக் குளிப்பாட்டிவிட்டுப் பின்னேரம் கூட்டத்துக்குப் போவேன். அதைச் சொல்ல எனக்குப் பெருமைதான்.

முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே இல்லத்துக்குப் போகும் பஸ்ஸை நிறுத்த யோசனை வந்தது. விடிய முதல் பஸ்ஸில் வேலைக்கு வருபவர்களில் பாதிப்பேர் எங்கள் தமிழ்ப் பெண்கள். கார் இல்லாதவர்கள். பஸ் போனால் வேலையும் போகும். என்னோடு வேலை செய்த ஜெயந்தி அக்கா அந்தக் கிழமை முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை.

திட்டத்தின் முதலாம் வாசிப்பு விவாதத்தில் நான் வெளுத்து வாங்கினேன். மேயரின் முகம் சிவந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் எல்லாக் கட்சிக்காரரும் பக்கத்து அறையில் ஒன்றாகச் சாப்பிடுவது அங்கே வழக்கம். நான் கோட்டை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் பஸ்ஸில் ஜெயந்தி அக்கா மெச்சினார்.

"சண்டை பிடிச்ச இடத்தில கை நனைக்காமல் வந்தியே, அதுதான் சரி."

யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் வளர்ந்தோம். கோபமென்றால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம்.

அன்று பின்னேரம் மேயர் தொலைபேசி எடுத்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் உண்மையில் மனம் நொந்திருந்தார்.

"என்னை எதிர்த்துக் கதையுங்கோ, அது உங்கட வேலை. சாப்பிடாமல் போனால் நான் ஆரோட கதைச்சு முடிக்கிறது?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விட்டுக்கொடுப்பெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையில் நடந்திருக்கிறது, நான் அங்கே இருக்கவில்லை.

அடுத்த கூட்டம் முடிந்ததும் போய், எதிர்க்கட்சியில் இருந்த பன்றிப் பண்ணைக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கறுப்புப் பாணும் மீனும். தயங்கித் தயங்கித்தான் கை நனைத்தேன். எந்த பஸ் வெறுமையாக ஓடுகிறது என்று அவர் கேட்டார். மத்தியான பஸ். மற்றப் பெண்கள் பின்னேர பஸ்ஸில் போவார்கள், அதில் வீடு திரும்புவது நான் ஒருத்திதான். அதை நிறுத்துங்கள், முதல் பஸ்ஸை ஓடவிடுங்கள் என்றேன். இரண்டாம் வாசிப்பில் அவரும் மேயரும் என்னோடு சேர்ந்து வாக்களித்தார்கள்.

அதன்பிறகு எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துத்தான் வீடு வந்தேன், வழி முழுக்க மேயரைத் திட்டிக்கொண்டு. முதல் பஸ் ஓடியது.

பாராளுமன்றம்

வருடங்கள் கழித்துக் கொப்பன்ஹேகன் பாராளுமன்றத்துக்குத் தெரிவானேன். புதிதாகச் சபைகளுக்குப் போகும் பிள்ளைகள் இரகசியம் கேட்கிறார்கள். நன்றாகச் சண்டை பிடியுங்கள், முடிந்ததும் கோட்டை எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் முதல் உரையன்று ஜெயந்தி அக்காவும் வேலைத்தலத்துப் பெண்களும் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள். பராமரிப்பு ஊழியர் பற்றாக்குறைக்காக அமைச்சரைக் காய்ச்சி எடுத்தேன். வெளியே வந்ததும் அமைச்சர் கைகொடுத்து, சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டார். அவ்வளவு தூரம் வந்தவர்களை எப்படி விட்டுப்போவது? நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார்.

"நீ போய் அவரோட இருந்து வடிவாச் சாப்பிடு. நாங்கள் ரயிலைப் பிடிக்கோணும். விடிய முதல் பஸ் இருக்கு."