மைனஸைப் பார்த்தால் திருப்பிப் போடு

வங்காளத்துக் கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் செல்வராணி இருபத்திரண்டு வருஷமாகப் பியூன். ஃபைல் தூக்க வேண்டும், டீ கொடுக்க வேண்டும், மணி அடித்தால் ஓட வேண்டும். கிளார்க் வேலைக்குக் கம்பெனியே ஒரு பரீட்சை வைத்தது. இடம் ஒன்றே ஒன்று. நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் எழுத விடமாட்டார்கள். அவளுக்கு வருகிற ஆடியில் நாற்பத்தாறு. இதை விட்டால் சாகும்வரை பியூன்தான்.

மற்ற கணக்கெல்லாம் எப்படியோ படிந்துவிட்டது. அசமன்பாடு என்கிற சனியன்தான் உயிரை வாங்கியது. சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் பெரிது, சிறிது என்று ஒரு குறி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சில கணக்கில் அது திரும்பிக்கொள்ளுமாம். எப்போது திரும்பும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து மேஜை கிளார்க் மது வங்காளத்தில் சொன்னான். “தீதி, ரெண்டு பக்கத்தையும் மைனஸ் எண்ணால பெருக்கினாலோ வகுத்தாலோ மட்டும் திருப்புங்க. வேற எங்க மைனஸ் இருந்தாலும் குறியைத் தொடாதீங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன் அவன். இவளுக்கோ கிண்டலாகப் பட்டது. மீன்காரனிடம் பேரம் பேச வங்காளம் போதும், கணக்கு மண்டையில் ஏறத் தமிழில் சொல்ல ஆள் வேண்டாமா?

அங்கே தமிழ் பேச இருந்த ஒரே ஆள் மாரியப்பன். அவனும் பியூன், அவனும் அதே பரீட்சை எழுதுகிறவன். பொங்கல், தீபாவளி என்றால் அவள் வீட்டில்தான் கை நனைப்பான்.

“இதுக்கா மண்டையை உடைச்சுக்கறீங்க அக்கா? கணக்குல எங்க மைனஸைப் பார்த்தாலும் திருப்பிப் போடுங்க. அவ்வளவுதான்.”

“மது வேற மாதிரி சொன்னானேடா?”

“அவனை நம்புவீங்களா, என்னை நம்புவீங்களா?”

கேட்டதற்கே வெட்கப்பட்டுப்போனாள், பைத்தியக்காரி. மூன்று மாதம் பஸ்ஸிலும் அடுப்படியிலும் அதையே உருப்போட்டாள்.

பரீட்சையில் இந்தப் பாடத்தில் நாலு கணக்கு. நாலிலும் மைனஸ் இருந்தது, நாலிலும் திருப்பினாள். திருப்ப வேண்டியது ஒன்றில்தான். நாற்பது வாங்கினால் பாஸ். அவள் வாங்கியது முப்பத்தெட்டு. மாரியப்பன் பாஸ்.

மது கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தான். 2x - 6 > 4. “என்ன விடை போட்டீங்க தீதி?”

“x அஞ்சைவிடச் சின்னது.”

“சரி, x ஒண்ணுன்னு வெச்சுப் பாருங்க. ரெண்டுல ஆறு போனா மைனஸ் நாலு. அது நாலைவிடப் பெரிசா?”

ஒரு நிமிஷ வேலை! மூன்று மாதத்தில் ஒரு தடவை எண்ணைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே!

நேரே மாரியப்பனிடம் போனாள். “தெரியாமலாடா சொன்னே?”

“தெரிஞ்சுதான் சொன்னேன். இருக்கறது ஒரு நாற்காலி. உங்களுக்குச் சரியாச் சொல்லிக்கொடுத்துட்டு நான் எங்க போறது?” பாவி, கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.

“உன்னைத் தம்பின்னு நெனச்சேனேடா!”

திங்கட்கிழமை அவன் புது நாற்காலியில் உட்கார்ந்து மணியை அடித்தான். செல்வராணி போய் நின்றாள், போகாமல் முடியுமா?

“இனிமே என்னை வாடா போடான்னு கூப்பிடக் கூடாது. சார்னு சொல்லணும்.”

ஆபீஸ் முழுக்கப் புரியட்டும் என்று அதை வங்காளத்தில் சொன்னான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரி சார்” என்றாள் செல்வராணி.