தாய்மாமன் முகத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி

என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு ஒரு வருஷம் நான் அவரை விட்டு நகரவே இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எங்களுக்குப் பை கடை. ஸ்கூல் பை, டிராவல் பை, மழைக்காலத்தில் குடை. முன்பெல்லாம் பெருநாள் கூட்டத்தின்போதுதான் நான் கடைக்குப் போவேன். அந்த வருஷம் முழுக்க அவருக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாவி விட்டால்கூட, "இன்னாங்க, இன்னா பண்ணுது?" என்பேன். "கொட்டாவி பண்ணுது" என்பார். அந்த மனுஷனுக்கு எல்லாமே விளையாட்டு.

எல்லாம் டாக்டர் சொன்னதால்தான். இதயம் திடீரென்று நின்றுபோக வாய்ப்பு உண்டு, நின்றால் சில நிமிஷங்களுக்குள் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவி வேண்டும் என்றார். அந்த நேரத்தில் கருவிக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். "உங்க பஸ் ஸ்டாண்டுலயே ஒண்ணு மாட்டி வச்சிருக்காங்களேம்மா" என்றார்.

பதினெட்டு வருஷமாக அங்கே கடை வைத்திருக்கிறோம், எனக்கே தெரியாது!

மறுநாள் காலையில் தேடக் கிளம்பினேன். டீக்கடைக்காரரைக் கேட்டால், "எந்தப் பொட்டி பாயம்மா?" என்றார். ஆட்டோக்காரர், லக்கேஜ் தூக்குகிறவர், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் டைம் கீப்பர் அறையின் பக்கச் சுவரில், பூக்காரம்மா உட்காரும் இடத்துக்கு நேர் மேலே அது தொங்கியது. சிவப்புப் பெட்டி, மேலே இங்கிலீஷில் எழுத்து. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"இதுவா?" என்றாள் பூக்காரம்மா. "கரண்டு பொட்டின்னு நெனச்சி, கிட்ட போவாதன்னு பேரப்புள்ளைங்கள மெரட்டி வச்சிக்கினு இருக்கேன்."

வியாபாரிகள் சங்கம் விழா எடுத்து மாட்டிய பெட்டி அது. டாக்டர் ஒருவர் வந்து நெஞ்சை எப்படி அமுக்குவது, கருவியை எப்படி ஒட்டுவது என்று பொம்மையை வைத்துச் செய்து காட்டினாராம். நான் வராத விழா. வந்தவர்களை விசாரித்தேன். அன்றைக்குக் கொடுத்த கேசரி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

அட்டையில் தமிழில் பெரிதாக எழுதி, அம்புக்குறி போட்டு, நாலு இடத்தில் ஒட்டினேன். யார் படிக்கிறார்கள்? எங்கள் ஊரில் தியாகதுருகம் என்று எழுதிய போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு, தியாகதுருகம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பார்கள். போர்டு சொன்னால் நம்பிக்கை வராது, மனுஷர் வாயால் சொல்ல வேண்டும்.

அதற்குள் அடுத்த வினை வந்தது. சங்கத் தலைவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பஸ் ஸ்டாண்டு முழுக்க ஃபிளெக்ஸ். இருப்பதிலேயே பெரிய ஃபிளெக்ஸைக் கொண்டுவந்து டைம் கீப்பர் அறைச் சுவரில், பெட்டி, அட்டை எல்லாவற்றையும் மூடிக் கட்டினார்கள்.

"ரெண்டே நாளுதான் பாயம்மா, கயட்டிருவோம்" என்றார்கள் கட்டியவர்கள்.

ரெண்டு நாள்! எனக்கு ரெண்டு நிமிஷமே யுகம். ரத்தம் தலைக்கு ஏறியது. பார்சல் பிரிக்கிற பிளேடை எடுத்துக்கொண்டு போனேன். ஃபிளெக்ஸின் மேல் கையால் தடவி, பெட்டியின் விளிம்பு தட்டுப்பட்ட இடத்தில் நாலு பக்கமும் கோடு இழுத்தமாதிரி அறுத்தேன். ஒரு ஜன்னல் விழுந்தது. உள்ளே பெட்டி தெரிந்தது. பெட்டியை மீட்ட திருப்தியோடு நாலடி பின்னால் வந்து பார்த்தேன்.

அட கஷ்டகாலமே! நான் அறுத்து எடுத்தது ஃபிளெக்ஸில் இருந்த பெண்ணின் தாய்மாமன் முகம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தடிச் சங்கிலி, கும்பிட்ட கை எல்லாம் அப்படியே இருக்கிறது. கழுத்துக்கு மேலே சிவப்புப் பெட்டி.

மஞ்சள் நீராட்டில் தாய்மாமனுக்கு மேல் மரியாதை யாருக்கு? சீர்த்தட்டு தூக்கி வரப்போகிற மனுஷன், தலையில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். ஒரு மணி நேரத்தில் நாலு பேரோடு கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, என் மூஞ்சி உனக்கு இன்னா பாவம் பண்ணிச்சி?"

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கப் போனார். அவரைத் தள்ளிவிட்டு நான் முன்னால் வந்தேன். "உன் மூஞ்சி காணோம்னதும் ஓடியாந்தியே தம்பி, அதுக்குப் பின்னால ஒரு உசுரு தொங்கிக்கினு இருந்துச்சே, அத எவனாவது தேடினீங்களா? இந்த மனுசன் இப்ப பொத்துனு வுயுந்தா உன் மூஞ்சிய வச்சி நான் இன்னா பண்றது?" கத்தத்தான் ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பெட்டி இருக்கிற இடத்துக்குப் போய் அது என்னவென்று விசாரித்தார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். "கெடக்குது வுடுங்கக்கா. என் மூஞ்சிய விட அது லட்சணமாத்தான் கீது. அப்பிடியே இருக்கட்டும்."

ரெண்டு நாள் ஃபிளெக்ஸ் ஒரு மாசம் தொங்கியது. தலை இல்லாத தாய்மாமனைப் பார்க்க, பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். முகம் எங்கே போச்சு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பூக்காரம்மா பூத் தொடுத்தபடியே கதை சொல்வாள். யார் மயங்கி விழுந்தாலும் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று முடிப்பாள். அந்தத் தம்பி தன் செலவில் டாக்டரை மறுபடி கூட்டிவந்து பழகிக்கொடுக்க வைத்தார். ஃபிளெக்ஸ் கிழிந்து போன பிறகும் பெயர் நின்றுவிட்டது. தாய்மாமன் பொட்டி. டீக்கடைக்காரரிடம், பொட்டி எங்கே என்று திடீர் திடீரென்று கேட்டுச் சோதிப்பேன். பாலை ஆற்றிக்கொண்டே மோவாயால் காட்டுவார்.

இவ்வளவுக்கும் பிறகும் நான் ஸ்டூலை விட்டு எழவில்லை. அக்கா வீட்டில் வேன் வைத்துக் கரியாலூர் மலைக்குக் கிளம்பினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். நான் வரவில்லை என்றேன். என் வீட்டுக்காரர்தான் விரட்டினார். "நீ பாத்துக்கினே இருக்கிறதுலயே எனக்கு நெஞ்சு படபடன்னுது. ஒரு நாளு போய்ட்டு வாம்மா."

போனேன். மலையில் மழை பெய்து அருவி நிறைந்து விழுந்தது. நானும் அக்காவும் புடவையோடு தண்ணீரில் நின்று, சின்னப் பிள்ளைகள் மாதிரி கூச்சல் போட்டோம். ஒரு மணி நேரம் அவர் ஞாபகமே வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வரவில்லை.

மலை இறங்கும்போது சிக்னல் கிடைத்தது. போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. டீக்கடைக்காரர்.

"பாயம்மா, பயப்படாத. பாய் கண்ணு முயிச்சிட்டாரு."

இப்படியா ஒருவர் பேச்சை ஆரம்பிப்பார்! யா அல்லாஹ்!

மேலே மாட்டியிருந்த பையை எடுக்கப்போனவர் பையோடு சாய்ந்திருக்கிறார். மூச்சு இல்லை. "தாய்மாமன் பொட்டி!" என்று டீக்கடைக்காரர் போட்ட சத்தத்தை ஆட்டோக்காரர் வாங்கி, கண்டக்டர் வாங்கி, அது சுவருக்குப் போய்ச் சேருமுன்னே பூக்காரம்மா பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். ஆட்டோக்காரர் நெஞ்சை அமுக்கினார். பெட்டியில் படம் போட்டிருந்தபடி கண்டக்டர் கருவியை நெஞ்சில் ஒட்டினார். கருவி இங்கிலீஷில் என்னவோ சொன்னதாம். "எல்லாரும் தள்ளு, யாரும் தொடாத!" என்று கண்டக்டர் தமிழில் கத்தினாராம். அதிர்ச்சியில் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டதாம். மறுபடி அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ் வரும்போது அவர் முனகிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஸ்டாண்டே நின்றது. ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அத்தனை பேரும் தான்தான் பெட்டியைத் தூக்கி வந்ததாகச் சொன்னார்கள். அத்தனை பேர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு வருஷமாக அந்த மனுஷன் உயிர் என் ரெண்டு கண்ணில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நான் கண்ணை எடுத்த ஒரே நாளில் ஊர் பார்த்துக்கொண்டது.

உள்ளே விட்டார்கள். ஒயர்களுக்கு நடுவில் படுத்திருந்தார். என் ஈரப் புடவையைப் பார்த்துச் சிரித்தார்.

"விலாவுல லாரி ஏறினமாரி வலிக்குது. அருவி எப்பிடி இருந்துச்சி?"

"தண்ணி ஜாஸ்தி" என்றேன். "அடுத்த தடவ நீங்களும் வரணும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். நேரமாகிவிட்டது, வெளியே போய் இருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எழுந்து போனேன்.