காற்றில் ஜெயித்த பிராசசர்

பழைய பொருள் வாங்குகிறவருக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை உண்டா, இல்லையா? புதியதை வாங்குகிறவருக்குக் குளிரூட்டிய கடை, உத்தரவாதச் சீட்டு, சிரித்த முகம் எல்லாம் கிடைக்கின்றன. பழையதை வாங்குகிறவரிடம், "இந்த விலைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். நீங்கள் யார் பக்கம் என்பதை முடிவு செய்துகொண்டு செனோபியா லாருத்தாவின் கதைக்கு வாருங்கள்.

கடலிலிருந்து வெகு உயரத்தில் மலைமேட்டில் இருக்கும் நகரம் எல் ஆல்ட்டோ. அங்கே வியாழனும் ஞாயிறும் கூடும் சந்தையில், தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில் அவருக்கு ஒரு பலகை இடம் உண்டு. மேலே நீலத் தார்ப்பாய், கீழே மதர்போர்டுகள், பிராசசர்கள், விசிறிகள். முதலில் அவர் விற்றது பழைய துணி. ஒருமுறை துணி மூட்டைகளோடு, எங்கோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினிகளும் வந்து இறங்கின. துணி வாரக்கணக்கில் கிடந்தது, கணினிகள் மதியத்துக்குள் போய்விட்டன. அன்றோடு தொழில் மாறியது. அடுத்த பலகையில் பவர் சப்ளை விற்கும் எவுலோகியோ தார்க்கி அவரை முதல்நாள் மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தனை மடிப்புப் பாவாடை கட்டிக்கிட்டு மதர்போர்டு விக்கிற அம்மாவ இப்பத்தான் பாக்குறேன்."

"நல்லாப் பாத்துக்க. பாக்குறதுக்குக் காசு கேக்க மாட்டேன்" என்றார் செனோபியா.

அவர் எண்களை வைத்து விற்றதில்லை. எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்டு வருகிறவர் முன்னால் இரண்டு மதர்போர்டுகளைக் கணினிப் பெட்டியில் பூட்டாமல் அப்படியே பலகையில் வைப்பார். இரண்டுக்கும் ஒரே வேலை: திருவிழா ஊர்வலத்தில் ஆடிய ஒரு நடனக் குழுவின் நீளமான வீடியோவைச் சிறிய கோப்பாகச் சுருக்க வேண்டும். அந்தச் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் 'காசெரோ', 'காசெரா' என்றுதான் கூப்பிடுவார்கள். "போய் சூடா சோளக் கஞ்சி குடிச்சுட்டு வாங்க காசெரா. இதுங்க அதுக்குள்ள சண்டை போட்டு முடிச்சிடும்" என்பார். திரும்பி வரும்போது எது முடித்திருக்கிறதோ அது வென்றது. ஏமாற்ற வழியில்லை. அவரும் அப்படித்தான் நம்பினார்.

அப்படி ஒரு ஞாயிறு விடியலில் க்ரோவர் சிஞ்ஞானி வந்தார். மினிபஸ் ஓட்டுநர், செனோபியாவின் பேட்டைப் பள்ளியில் பெற்றோர் சங்கத் தலைவர். பள்ளிக்குக் கணினி அறை வேண்டும் என்று பெற்றோர்கள் ஒரு வருஷமாகப் பொரித்த பன்றிக்கறி விற்றுச் சேர்த்த பணத்தோடு வந்திருந்தார். முன்னால் இருந்தவை இரண்டு பழைய பிராசசர்கள். ஒன்று எட்டுக் கோர், அதாவது உள்ளே வேலை செய்ய எட்டுக் கை. இன்னொன்று நான்கு கோர். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே விலை.

"எட்டு பெருசா, நாலு பெருசா டோன்யா? எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்." 'டோன்யா' என்பது அங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

"எட்டுப் பேர் இருந்தா வேலை சீக்கிரம் முடியும்னு யார் சொன்னது? எங்க வீட்ல எட்டுப் பேர். பாத்திரம் கழுவ ஒருத்தரும் வர்றதில்ல."

எவுலோகியோ சிரித்தார். செனோபியா விளையாட்டாகச் சொல்லவில்லை. நான்கு கோர் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும், கொஞ்சமாகச் சூடாகும். பிள்ளைகள் தட்டச்சு செய்வதற்கும் படம் வரைவதற்கும் சுறுசுறுப்பான ஒரு கை போதும். எட்டுக் கையில் பாதி சும்மா தொங்கும். ஆனால் க்ரோவர் சோதனை கேட்டார். சோதனை நடந்தது. தார்ப்பாய் மேல் பனி இன்னும் உருகாமல் இருந்தது. மலையிலிருந்து வந்த காற்று கன்னத்தை அறுத்தது. க்ரோவர் கஞ்சி குடித்து வந்தபோது எட்டுக் கோர் முடித்துவிட்டுச் சும்மா இருந்தது. நான்கு கோர் இன்னும் ஊர்வலத்தின் நடுவில் நின்றது.

செனோபியா உதட்டைப் பிதுக்கினார். சோதனை என்றால் சோதனைதான். பள்ளிக்கு எட்டுக் கோர் கணினிகளே போயின.

அடுத்த வாரமே க்ரோவர் மூச்சிரைக்க வந்தார். "டோன்யா, பன்னிரண்டு மணி ஆனா எல்லாம் மயக்கம் போட்டு விழுதுங்க."

செனோபியா மதிய வெயிலில் பள்ளிக்குப் போனார். தகரக் கூரை கொதித்தது. கணினிகள் முதலில் ஆமையாகின, பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. வாசலில் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள்.

"பழசு வாங்காதீங்கன்னு என் வீட்டுக்காரர் அப்பவே சொன்னாரு" என்றார் ஃபவுஸ்த்தா என்ற தாய். "நாங்க வறுத்த பன்னியெல்லாம் இந்தம்மா பலகைக்குத்தான் போச்சு."

க்ரோவருக்கு வேறொரு காரணம் தோன்றியது. "என் பஸ்ஸுக்கே பீர் தெளிச்சு, வண்ணத்தாள் தூவி, பூமித்தாய்க்கு ஒரு வாய் ஊத்திட்டுத்தான் சாவி போட்டேன். இங்க வாத்தியார் ஒரு சொட்டு விழக் கூடாதுன்னுட்டார். அதான்."

"கார்னிவல் திருவிழாச் செவ்வாய்ல நானும் என் பலகைக்குத் தெளிக்கிறவதான்" என்றார் செனோபியா. "பீர்ல சூடு ஆறும்னா விசிறியை எதுக்குக் கூட வச்சு வித்தேன்?"

பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். நெற்றி வியர்வையைத் துடைக்கும்போதுதான் கவனித்தார்: உள்ளே வந்தவுடன் சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். சந்தையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் சால்வையைக் கழற்றியதில்லை. அங்கே எப்போதும் காற்று. இங்கே ஜன்னல்களை பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்திருந்தார்கள், பிள்ளைகள் இருமக் கூடாதென்று.

ஊர்வல வீடியோவை வென்றது எட்டுக் கோர் மட்டும் அல்ல. மலைக்காற்றும் அதன் கட்சியில் நின்று வேலை செய்திருக்கிறது. பெட்டி இல்லை, கூரை இல்லை, விடியற்காலைக் குளிர். அந்தச் சலுகையோடு யார் வேண்டுமானாலும் ஜெயிப்பார்கள். அதோடு இந்த மேட்டில் காற்றே மெலிந்தது. கடலோரத்தில் ஒரு விசிறி அள்ளிப்போகும் சூட்டை இங்கே அதே விசிறியால் அள்ள முடியாது. பிராசசரின் விவரத் தாளில் அச்சிட்ட எண்களை அளந்தவர்கள் யாரும் இங்கே வந்து அளந்ததில்லை. எல் ஆல்ட்டோவுக்குப் பழையது மட்டுமே வந்து சேரும். அதன் சூட்டையும் மின்கட்டணத்தையும் எல் ஆல்ட்டோவே சுமக்கும். இதை விதி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விதி அல்ல, அளக்க வேண்டிய இடத்தில் யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஜன்னலைத் திறந்தா ஓடுமா?" என்று க்ரோவர் கேட்டார்.

"ஓடும்."

"அப்ப தப்பு ஜன்னல் மேலதான்" என்றார் க்ரோவர். அவர் செனோபியாவைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

செனோபியாவுக்குத் தப்பிக்க அந்த வாசல் திறந்தே இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். "பெட்டி குளிரணும்னு பிள்ளைங்க நடுங்கணுமா?" என்றார். "தப்பு என்னோடது. நான் காத்துல வச்சுப் பாத்தேன். உங்க அறையில வச்சுப் பாக்கல."

மறுநாள் நான்கு கோர் ஒன்றைப் பெட்டிக்குள் பூட்டி எடுத்துப் போனார். அதே அறை, அதே மதியம், அதே ஊர்வலம். எட்டுக் கோர் பாய்ந்து முன்னே போனது, பிறகு தள்ளாடியது, பாதி வழியில் அணைந்தது. நான்கு கோர் அவசரப்படாமல் கடைசி ஆட்டக்காரர் வரைக்கும் போய் முடித்தது. ஃபவுஸ்த்தா செனோபியாவுக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போட்டார். செனோபியா அடுத்தடுத்த சந்தைகளில் கிடைத்த நான்கு கோர்களை எல்லாம் பள்ளிக்குக் கொடுத்து எட்டுக் கோர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவை கெட்ட பொருள் அல்ல. வீடியோ சுருக்கிப் பிழைக்கும் ஒரு ஸ்டூடியோக்காரரிடம், "உங்க குளிர் அறைக்கு இதுதான் சரி. வேலையும் நடக்கும், இதோட சூட்டுல குளிரும் காயலாம்" என்று உண்மையைச் சொல்லியே சிலவற்றை விற்றார்.

அதற்குப் பிறகு அவர் பலகையில் சோதனை மூடிய பெட்டிக்குள்தான். பெட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துகிறார். அதில்தான் வம்பு வந்தது. அவரிடம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மற்ற பலகைகளிலும் போய் "மூடி ஓட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வரிசை முழுக்க எட்டுக் கோர்கள் விலைபோகாமல் கிடக்கின்றன. வியாபாரிகள் சங்கம் சொல்லி அனுப்பியது: எல்லோரையும் போலத் திறந்து வைத்துச் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வரும் ஞாயிறு கூட்டத்தில் முடிவு.

சேதி கொண்டு வந்தவர் எவுலோகியோதான். "நீ செய்றது சரிதான் டோன்யா. ஆனா எங்க வயித்துல இல்ல அடிக்கிறே? ஞாயித்துக்கெழம கூட்டத்துல உனக்கு எதிரா கையைத் தூக்கச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

செனோபியாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்த ஒரு பலகையில்தான் எட்டு வயிறு நிரம்புகிறது. கம்பளியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "நான் ஒருத்தி மூடினா குத்தம். வாங்க வர்ற எல்லாரும் மூடச் சொல்லிக் கேட்டா, எத்தனை பேரைக் காலி பண்ணுவாங்க?"

அவர் கேட்டது உங்களைத்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வாருங்கள். எந்தப் பலகையில் நின்றாலும் சரி, பெட்டியை மூடி ஓட்டச் சொல்லுங்கள். வர முடியாத தூரத்தில் இருந்தால் உங்கள் ஊர்க் கடையில் கேளுங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரித்து முடிக்கட்டும், அதுவரை அங்கேயே நில்லுங்கள். பிறகு இன்னொரு முறை கேளுங்கள்.