நலமா என்று கேட்ட கடிகாரம்

சோஹாரில் ஒரு லாரிக்காரரின் ஓட்டுநர் உரிமத்தை அவர் கையில் கட்டியிருந்த கடிகாரமே பறித்துவிட்டதாம். ஸஹ்ரானிடம் இதைச் சொன்னவன் மலையடிவாரத்தில் பிர்கத் அல் மௌஸ் பெட்ரோல் நிலையத்தில் டயருக்குக் காற்றடிப்பவன். அவனுக்குச் சொன்னது அவன் மச்சான். மச்சானுக்குச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, ஊரே சொல்கிறது என்று பதில் வந்ததாம். நாடித்துடிப்பை எண்ணுகிற வகைக் கடிகாரம் அது. ஒருநாள் துடிப்பு தாறுமாறாக ஓடியிருக்கிறது. கடிகாரம் கைபேசிக்குச் சொல்ல, கைபேசி எங்கேயோ சொல்ல, அடுத்த வாரமே போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்களாம், இனி வண்டியைத் தொடாதே என்று.

மலை ஏறத் தொடங்கும் முன் ஸஹ்ரான் இதை என்னிடம் சொன்னார். நான் உடனே நம்பினேன். வசிப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ரத்தமும் நெஞ்சுப் படமும் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை சோறு இறங்காமல் திரிகிற வெளிநாட்டுக்காரன் நான். உடம்பே நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று யார் சொன்னாலும் எனக்குச் சாட்சி தேவையில்லை.

ஸஹ்ரான் மலை ஓட்டுநர். ஜபல் அக்தர் மலைக்கு ஏறும் சாலையில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தவிர வேறெதையும் சாவடியில் விடமாட்டார்கள். அவருடைய வெள்ளை வண்டி மலைமேல் ஸைக் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் என்னையும் மற்ற ஆசிரியர்களையும் வாரத் தொடக்கத்தில் மேலே ஏற்றும், வாரக் கடைசியில் இறக்கும். நடுவில் எரிவாயு உருளை, ஆடு, கல்யாணச் சாமான், பிரசவ வலி எடுத்த பெண் என்று எதுவும் ஏறும். சமதரையில் ஓயாமல் பேசுகிறவர், முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் வாயை மூடிக்கொள்வார். இறக்கத்தில் பிரேக்கைத் தொடமாட்டார். சின்ன கியரில் போட்டு, மலை போகச் சொல்கிற வேகத்தில்தான் போவார். மனைவி இல்லை. ஒரே மகள் ரய்யா, மஸ்கட்டில் செவிலியர் படிப்பு. மலையில் வண்டி இல்லாதவன் பாதி மனுஷன் என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, என்ன சேதி. பதில் எப்போதும் ஒன்றுதான்: நல்ல சேதி, வேறொன்றுமில்லை. ஸஹ்ரானின் தம்பி இறந்த அன்று, மேலே வந்து இறங்கிய அவரை என் கண்முன்னே ஒருவர் அப்படிக் கேட்டார். ஸஹ்ரான் நல்ல சேதி என்றார். உட்கார்ந்து, பேரீச்சம்பழம் தின்று, காபி குடித்து முடித்த பிறகுதான் தம்பி போன செய்தியைச் சொன்னார். யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

ஆகவே அவருடைய நெஞ்சுக்குள் ஏதோ நடக்கிறது என்பது வெளியே வர வெகுநாள் ஆயிற்று. உள்ளே ஒரு கோழி சிறகடிப்பதுபோல் இருக்கும், கை வியர்க்கும், கண் முன்னால் சாலை கொஞ்சம் மங்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடும். ரய்யாதான் அவரை இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனாள். அங்கே எடுத்த சோதனையில் இதயம் சமர்த்தாகத் துடித்தது. வந்து வந்து போகிற கோளாறு, வரும்போதே பிடித்தால்தான் என்ன மருந்து என்று சொல்ல முடியும் என்றார் மருத்துவர். அதுவரை ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளவும் சொன்னார். அப்படியானால் பிடிக்கிற கடிகாரம் ஒன்று கட்டுங்கள் என்று மகள் பிடித்துக்கொண்டாள்.

உரிமம் புதுப்பிக்கும் சமயம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சோஹார் லாரிக்காரர் கதை வந்தது.

"உஸ்தாத், கடைக்கு நீங்களும் வாங்க," என்றார் ஸஹ்ரான். உஸ்தாத் என்றால் வாத்தியார். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். டப்பாவுக்குள்ள பொடி எழுத்துல ஒரு காகிதம் வைப்பானுங்களாம். அதைப் படிச்சு, இது யாருகிட்ட போய்க் கோள் சொல்லும்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

நிஸ்வா நகரத்தில் ஹுமைத் என்பவரின் கைபேசிக் கடை. ஹுமைத் முதலில் எடுத்து வைத்தது ரப்பர் பட்டை ஒன்று. நடப்பதை எண்ணும், தூக்கத்தை எண்ணும், விலையும் குறைவு.

"நான் எங்கப்பா நடக்கறேன்?" என்றார் ஸஹ்ரான். "என் கால் மிதிக்கறதெல்லாம் வண்டிக்குள்ளதான். தூங்கினேனா இல்லையான்னு எனக்கே தெரியும்."

அடுத்தது மோதிரம். அது அவருக்குப் பிடித்துவிட்டது. வெள்ளி மோதிரத்துக்குப் பக்கத்து விரலில் போட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஆனால் மோதிரத்துக்கு முகமில்லை; அறிவதையெல்லாம் கைபேசிக்கு மட்டுமே சொல்லும் என்று ஹுமைத் சொன்னதும் தேள் ஏறியதுபோல் கழற்றிவிட்டார். முதுகுக்குப் பின்னால் பேசுகிற சாதனம் வேண்டாமாம்.

மூன்றாவதுதான் கடிகாரம். துடிப்பை எண்ணுவதோடு, தாளம் தப்பினால் தப்பிய தாளத்தையும் பதிந்து வைக்கும். மருத்துவரிடம் காட்டலாம். தொழுகைக்கு ஐந்து வேளை கைகழுவும்போது கழற்ற வேண்டுமா என்று கேட்டார். ஹுமைத் பேசாமல் அதைத் தன் தண்ணீர்க் குவளைக்குள் போட்டு, எங்களுக்குக் காபி ஊற்றிவிட்டு, பிறகு எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

நான் காகிதத்தைப் பிரித்தேன். தகவல் உங்கள் கைபேசியில் இருக்கும், நீங்கள் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் போகும் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் கடைசியில் ஒரு வரி, சட்டப்படி கேட்கப்பட்டால் தவிர என்று. அதை இரண்டு தடவை படித்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஸஹ்ரான் கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். நல்லடக்கம் செய்வதுபோல் மெதுவாக வைத்தார்.

ஹுமைத் ஸஹ்ரானின் கைபேசியை வாங்கி, ரய்யாவுக்குப் போன் போட்டு ஒலியைக் கூட்டி வைத்தார். அவள் கத்தவில்லை. "அப்பா, உங்க உரிமம் போனா நான் வேலைக்குப் போய்ப் பாத்துக்குவேன். நீங்க அந்த வளைவுல போயிட்டா, நான் யாரைப் போய்ப் பாக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஹுமைத் கடிகாரத்தை மறுபடி கையில் எடுத்தார். ஒரு வழி சொன்னார். எதையும் எங்கும் அனுப்பாதபடி எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். தாளம் தப்பினால் கடிகாரம் கையில் அதிர்ந்து, நலமா என்று கேட்கும். நலம் என்று தொட்டால் யாருக்கும் தெரியாது. இல்லை என்று தொட்டாலோ, பதிலே சொல்லாவிட்டாலோ, ரய்யாவுக்கு மட்டும் செய்தி போகும், ஆள் இருக்கும் இடத்தோடு.

ஸஹ்ரானின் முகம் தெளிந்தது. "அப்போ முதல்ல என்னைத்தான் கேக்கும்? மரியாதை தெரிஞ்ச கடிகாரம். கட்டு."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று அப்போது உறைக்கவில்லை.

முதல் ஏற்றத்தில் ஒரே சிரிப்பு. பாதை போட்ட குலுக்கலையெல்லாம் நடை என்று எண்ணிக்கொண்டு, இன்றைய இலக்கை முடித்துவிட்டீர்கள் என்று கடிகாரம் வாணவேடிக்கை காட்டியது. "பாத்தீங்களா, உக்காந்துகிட்டே மக்காவுக்கு நடந்துட்டேன்," என்றார், மேலே வண்டியை நிறுத்தியதும். பின்னால் இருந்த ஆசிரியர்கள் கைதட்டினார்கள்.

இரண்டாம் வாரம், மூன்றாவது வளைவில், அது அதிர்ந்தது. நான் முன்னிருக்கையில் இருந்தேன். அவர் நெற்றியில் வியர்வை பூத்து, உதடு சாம்பல் நிறமாவதைப் பார்த்தேன். இடது பக்கம் பள்ளத்தாக்கு. அவர் பார்வை சாலையை விட்டு நகரவில்லை. வலது கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு வந்து, பழக்கப்பட்ட கதவைச் சாத்துவதுபோல், கடிகாரத்தின் முகத்தில் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது. நலம்.

மேலே போய்ச் சேர்ந்து மற்றவர்கள் இறங்கும்வரை காத்திருந்தேன்.

"அபூ ரய்யா," என்றேன், ரய்யாவின் அப்பா என்று ஊர் கூப்பிடுகிற முறையில். "அது கேட்டப்போ நீங்க நல்லாவா இருந்தீங்க?"

"நலமான்னு கேட்டா ஒரு மனுஷன் வேற என்னத்தைச் சொல்லுவான்?"

"கேட்டது மனுஷன் இல்ல, கடிகாரம்."

"யாரு கேட்டா என்ன உஸ்தாத். வாய் சொல்லிப் பழகினதைத்தான் விரலும் சொல்லுது." சிரிக்கப் பார்த்தார். பிறகு, உரிமம் புதுப்பிக்கிற வரைக்கும் ரய்யாவிடம் எதுவும் சொல்லாதீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

அப்போது புரிந்தது. கூப்பிட்டுக் கேட்டால் நல்ல சேதி என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவர் கையில், கேட்டுவிட்டு நம்பிவிடுகிற கடிகாரத்தைக் கட்டிவிட்டிருக்கிறோம்.

அதன்பின் எனக்குப் பள்ளத்தாக்கு கண்ணில் படவில்லை. அவர் மணிக்கட்டு மட்டும்தான். ரய்யாவிடம் சொன்னால் அவருடைய பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் ஒரு வளைவில் நாங்கள் எல்லோரும் போவோம். அடுத்த இறக்கத்தில் அது மறுபடி அதிர்ந்தது. அவர் விரல் போவதற்கு முன் நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, கையை மெல்ல உதறி, தொட்டுவிட்டார்.

கீழே வந்ததும், இனி உங்களோடு ஏறமாட்டேன், அடுத்த வாரக் கடைசிக்குள் நீங்களே மகளிடம் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மற்ற ஆசிரியர்களைத் தானே கூப்பிட்டு, வண்டியில் கொஞ்சம் வேலை இருக்கிறது, வேறு வண்டி பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மாதுளை பறிக்கும் பருவம். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழப்பெட்டி இறக்குவதோடு சரி என்றார்.

"மாதுளைக்கு அம்மா அப்பா கிடையாது," என்றார்.

"உங்களுக்கு மக இருக்கு. ஒரே ஒரு தடவையாவது அதுக்கு உண்மையைச் சொல்லுங்க."

அவர் குடித்து முடித்த காபிக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினார். போதும் என்று அர்த்தம். காபியையா, என் பேச்சையா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை, வகுப்பில் கரும்பலகையில் பாதிக் கணக்கு இருக்கும்போது ரய்யா கூப்பிட்டாள். குரல் தட்டையாக இருந்தது. நோயாளியின் பக்கத்தில் நின்று பேசப் பழகிய குரல்.

"உஸ்தாத், கடிகாரம் செய்தி அனுப்பியிருக்கு."

பதில் சொல்லாமல் விட்டாரா என்று கேட்டேன்.

"இல்ல. அவரேதான் தொட்டிருக்காரு. நலமில்லைன்னு." ஒரு மூச்சு விட்டாள். "எங்கப்பா நலமில்லைன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல."

இடத்தையும் அனுப்பியிருந்தது. பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்காக இறக்கத்தின் ஓரம் போட்ட சரளைத் திட்டு. அவராகவே அதில் ஏற்றி நிறுத்திவிட்டுத்தான் தொட்டாரா, தொட்ட பிறகு வண்டி தானாக அங்கே போனதா, கடிகாரம் அதைச் சொல்லவில்லை. கீழேயிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, அப்பாவின் கைபேசி அடிக்கிறது, எடுக்கவில்லை, நீங்களும் போடுங்கள் என்றாள்.

பள்ளிக் காவலரின் வண்டியில் ஏறினேன். அவரும் மலைக்காரர். என்ன சேதி என்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல் கியரைப் போட்டார். ஓரத்தில் மாதுளைத் தோட்டங்கள் போயின. நான் ஸஹ்ரானின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தேன். கைபேசியை அவர் எப்போதும் கதவுப் பையில், ஈரத் துண்டுக்கு அடியில்தான் போடுவார். சாதாரண நாளிலேயே எடுக்க நேரமாகும்.

எடுத்தால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. வண்டி நிற்கிறதா, கதவு திறக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும். அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வளைவு வந்தது. மறுமுனையில் மணி அடித்து நின்றது. மறுபடி அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.