மாலையைக் கத்தரித்தவள்

இன்று காலை வடாலா ஸ்டேஷனில் மலைக்குப் போகிறவர்கள் கறுப்பு வேட்டியும் இருமுடியுமாகக் கூட்டமாக நின்றார்கள். நெய்யும் கற்பூரமும் கலந்த வாசனை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நடந்தேன். பக்திமான்கள் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

நானும் தாராவியிலிருந்து ஏழு வருடம் மாலை போட்டுப் போனவன்தான். ஏழாவது வருடம் செல்வமும் வந்தான். என்னோடு பட்டறையில் ரெக்சின் பை தைத்தவன். மலையிலிருந்து திரும்பினால் மாலையைக் கழற்றிவிட வேண்டும். அவன் மாட்டேன் என்றான்.

“எறக்கச் சொல்லி உத்தரவு வரல.”

யார் உத்தரவு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அவனிடம் சாமி பேசுகிறது என்று சந்தே அவன் காலில் விழுந்தது. நான் மகளின் ஹால் டிக்கெட்டைக் கொடுத்து ஆசி கேட்டேன். அதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் படித்தான். அதுவும் அருள் என்றே நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அவன் பெண்டாட்டி மாரி பட்டறை வாசலுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, பத்து நாளா உறங்கல. சுவத்தப் பாத்துப் பேசுதாவ. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவணும், கூட வாங்க.”

“மாலையோட பாகல்கானாவுக்கா, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? சாமி குத்தம் ஆயிரும். உத்தரவு வரட்டும், பொறு.”

பொறுத்தாள். அவன் சோற்றை விட்டான், பிறகு தண்ணீரையும் விட்டான். ஒரு மத்தியானம் வாசலிலேயே சரிந்து கிடந்தான். சுற்றி இருபது பேர் கைகட்டி நின்றோம். நானும்தான். விரதக்காரனை எப்படித் தொடுவது?

மாரி உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். மாலையை வெட்டினாள். மணிகள் சாக்கடைவரை உருண்டன.

“என்ன காரியம் பண்ணிட்டே?” என்று முதலில் கத்தியவன் நான்.

“இப்பத் தொடலாம்லா?” என்றாள். “தூக்குங்க.”

தூக்கினோம். ஆஸ்பத்திரியில் பிழைத்தான். இப்போது வாஷியில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன். மாத்திரை போடுகிறான், நன்றாகத் தூங்குகிறானாம்.

அவனுக்குக் கேட்ட குரல் நோய் என்றார் டாக்டர். சரி. அப்படியானால் ஏழு வருடமும் அந்தப் படிகளில் நான் தேம்பித் தேம்பி அழுதேனே, அது என்ன? டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. நோய் என்று சொல்லிவிட்டால்? இல்லை என்று சொன்னால் மட்டும் நம்பியிருப்பேனா?

மலைக்குப் போகும் எங்கள் குழு கலைந்துவிட்டது. ஆனாலும் கார்த்திகை பிறந்தால் யாராவது கேட்கிறார்கள், “அண்ணாச்சி, இந்த வருசமும் வரலியா?”

முழங்கால் வலி என்கிறேன். முழங்காலில் ஒன்றுமில்லை.