சுவருக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று இந்தத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். வரும்தான். காலையிலிருந்து மரம் அறுக்கிற மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவின் கோபத்துக்கு முன்னால் என்னுடையதெல்லாம் வெறும் தும்மல்.

என் தச்சுப்பட்டறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தால் இந்தப் பக்கம் எனக்குப் பசிக்கும். அவர்கள் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் காது என்று இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த வீட்டுக்காரர் பல வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அப்படி ஒரு நிதானம். சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு முந்திப் போவான், இவர் சிரித்துக்கொண்டு வழிவிடுவார். வேனில் போகிற பிள்ளைகள் 'ஆமை மாமா' என்று பேர் வைத்தார்கள். மாமா உதிர்ந்து, தெருவில் எங்கள் வாயில் ஆமை மட்டும் நின்றது. பள்ளிக்கூடத்தில் பெரிய பஸ் வாங்கி வேனை விற்றதும், மனிதர் தொலைதூர லாரிக்குப் போய்ச் சேர்ந்தார். 'ஆமை லாரி ஓட்டப் போகுதாம்' என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த லாரியில் நான் ஏறிப் பார்த்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் தூங்க வேண்டும். படுக்கை என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. பெஞ்சை விடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். மெத்தை நடுவில் குழிந்து போயிருந்ததால், அடியில் போட ஒரு பலகை இழைத்துக் கொடுத்தேன். முதுகுக்கு நேர் கீழே எஞ்சின். "இதுல எப்படிய்யா தூங்குறீங்க?" என்று கேட்டேன். "பழகிக்கணும்" என்றார். அவர் பேசுவதே அவ்வளவுதான்.

போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்து வருவார். வந்தால் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு நாளும் அவர் நன்றாகத் தூங்கியாக வேண்டும் என்று அந்த அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள். கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டாள். காலிங்பெல் ஒயரைப் பிடுங்கினாள். குக்கரைத் தூக்கிப் பரணில் வைத்தாள். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்கிறதாம், அதன் பேட்டரியைக்கூடக் கழற்றிவிட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கு, நாங்கள் 'வாலு' என்று கூப்பிடுகிற அந்தப் பிள்ளைக்கு, ஸ்கிப்பிங் கயிறைத் தொடக்கூடாது, பாடக்கூடாது, நுனிக்காலில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம். எல்லாம் முடித்துவிட்டு என் பட்டறை வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, அவரு தூங்கணும். மெஷினை நிறுத்துங்க."

"ஏம்மா, பகல்ல மெஷின் ஓட்டாம நான் என்ன, மரத்தைப் பல்லால கடிக்கவா?"

"கடிங்களேன். யாரு வேணாம்னா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது.

"ரோட்டுல அவரு ஒரு நிமிஷம் கண்ணசந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தீங்களா? நான் தினமும் அதையேதான் யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மெஷினை நிறுத்தினேன். அவர் வந்திருக்கிற நாளெல்லாம் உப்புத்தாள் தேய்க்கிற வேலை, வார்னிஷ் வேலை என்று சத்தமில்லாத வேலையாகப் பார்த்துச் செய்தேன். அவசரமென்றால் கைரம்பம். தோள்பட்டை விட்டுப்போகும். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன், ஆனால் செய்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதி.

அந்த அமைதிக்குள் ஒருநாள் வாலுவின் குரல் கேட்டது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பிள்ளைகள் பேசுமே, அந்தக் குரல்.

"அம்மா, அப்பா எப்பம்மா போவாங்க?"

"உஷ்! ஏன்டி?"

"அவங்க போனாத்தானே நான் குதிக்கலாம்?"

மறுநாள் அவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் ஸ்கிப்பிங் கயிறு தரையில் அடிக்கிற சத்தம் ஆரம்பித்துவிட்டது. கூடவே பாட்டு. நானும் அந்தச் சந்தோஷத்தில் மெஷினைப் போட்டேன். பிள்ளை பேசியதை நினைத்து அன்றைக்குச் சிரித்தேன்.

அடுத்த தடவை வந்தபோது ஆள் பார்க்க நன்றாக இல்லை. கண் இரண்டும் மிளகாய் பட்ட மாதிரி சிவப்பு. சாயங்காலம் மனைவி பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனதும், மெல்ல நடந்து பட்டறைக்கு வந்தார். பிளைவுட் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

"நல்லாத் தூங்குனீங்களா?"

"ம்ம்."

"ஒரே ஒரு கதவுச் சட்டம். உங்க வீட்டம்மா வர்றதுக்குள்ள அறுத்துடறேன். சொல்லிடாதீங்க, என்னை உரிச்சு உப்பு தடவிடும்."

"தாராளமா" என்றார்.

மெஷினைப் போட்டேன். சட்டத்தை அறுத்து முடித்துத் திரும்பினால், மனிதர் பிளைவுட் மேல் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். தலையெல்லாம் மரத்தூள். மூக்கு நுனியில்கூட ஒரு சுருள் ஒட்டியிருக்கிறது. ஐயோ பாவம், தூங்கட்டும் என்று நல்ல மனசோடு மெஷினை நிறுத்தினேன்.

அடுத்த நொடி தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். கால் செருப்பைத் தேடுகிறது.

"என்னாச்சு? டயரா?"

"என்ன டயரு? இது பட்டறைய்யா!"

சுற்றும் முற்றும் பார்த்தார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு வழக்கமில்லாத அளவுக்குப் பேசினார்.

"வண்டி ஓடுற வரைக்கும் தூங்கலாம். நின்னுடுச்சுன்னா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். டயரா இருக்கும், செக்போஸ்ட்டா இருக்கும், இல்லாட்டி என் முறை வந்திருக்கும். எஞ்சின் சத்தம் நின்னா தானா கண்ணு முழிச்சுக்குது. வீட்டுல வந்து படுத்தா, வண்டி எங்கேயோ நின்னுபோன மாதிரியே இருக்கு."

"அப்ப இத்தனை நாளா வீட்டுல?"

"கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"எப்படிச் சொல்றது? கடிகாரத்துல பேட்டரியைக்கூடக் கழட்டி வெச்சிருக்கா. குக்கர் இல்லாம வேக வெச்சு அடுப்படியிலயே கிடக்கிறா. அவகிட்டப் போய், இதெல்லாம்தான்மா என்னைத் தூங்க விடலைன்னு சொல்லவா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "நான் எப்பப் போவேன்னு பாப்பா கேட்டாளே, அதுவும் காதுல விழுந்துச்சு. தூங்குற மாதிரியே கிடந்தேன்."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

அதோடு விட்டாரா? போன தடவை வீட்டிலிருந்து போன முதல் நாளே, பட்டப்பகலில், ஓட்டிக்கொண்டிருக்கும்போது கண் சொருகிவிட்டதாம். இடது பக்கச் சக்கரங்கள் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டன. பின்னால் படுத்திருந்தவர் உருண்டு விழுந்து கத்திய கத்தலில்தான் பிரேக்கை மிதித்திருக்கிறார். பக்கத்திலேயே பள்ளம். லாரி ஆபீஸில், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வண்டியை விட்டு இறங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையில் மறுபடியும் கிளம்புகிறார். நேற்றும் தூங்கவில்லை.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"வேலை போனாப் போகட்டும், உசுரு போனா என்னய்யா பண்ணுவீங்க?" என்று நான் கத்தவும், அவர் மனைவி வாலுவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அறுத்த சட்டத்தைப் பார்த்தாள். புருஷன் தலையில் இருந்த மரத்தூளைப் பார்த்தாள்.

"அண்ணே! உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா? வந்த மனுஷனை எழுப்பி உக்கார வெச்சு..."

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். எஞ்சின், கடிகாரம், பள்ளம், எல்லாம். வாலு கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மா பேசாமல் நின்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"வண்டி ரோட்டை விட்டு இறங்குச்சா?"

அவர் தலையாட்டினார். அவள் அப்படியே பிளைவுட் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்புறம் முந்தானையை எடுத்தாள், அவர் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"வாய்ல பூட்டா போட்டிருந்தீங்க? உங்களை விட எனக்குக் கடிகாரம் பெருசா? போங்க, போய்ப் படுங்க." அவரைத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க மெஷினைப் போடுங்க."

"இன்னிக்கு அறுக்க வேற மரம் இல்லையேம்மா."

"அன்னிக்குப் பல்லால கடிக்கட்டுமான்னு வாய் கிழியக் கேட்டீங்க, இன்னிக்கு மரம் இல்லையா?"

விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். செல்லரித்த பழைய அலமாரிக் கதவு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள். "இதை அறுங்க."

அறுத்தேன். இரண்டாக, நான்காக, எட்டாக அறுத்தேன். அலமாரிக் கதவு அடுப்புக் குச்சியாகிவிட்டது. நடுவில் ஒருமுறை சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். மெஷின் சத்தத்தையும் மீறிக் குறட்டை அந்தப் பக்கத்திலிருந்து அதிர்ந்தது. வாசலில் வாலு கயிறைப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான் குதிக்கலாமா?"

"குதி. நல்லாக் குதி. அப்பா கட்டில் பக்கத்துலயே போய்க் குதி."

பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். மறுநாள் காலையில் போகவிருந்தவரை அந்த அம்மா விடவில்லை. லாரி ஆபீஸுக்குத் தானே போன் போட்டு, இன்னும் ஒரு நாள் தூங்கிவிட்டுத்தான் வருவார் என்று சொல்லிவிட்டாள். என்ன பேசினாளோ தெரியாது, அவர்கள் சரி என்றுவிட்டார்கள். அந்த வாய்க்கு யார்தான் சரி என்று சொல்லமாட்டார்கள்?

இப்போது அவர் வருகிற நாளுக்கென்றே அறுக்கிற வேலையைச் சேர்த்து வைக்கிறேன். குக்கர் பரணை விட்டு இறங்கிவிட்டது. கடிகாரத்துக்குப் பேட்டரி வந்துவிட்டது. நான் டீ குடிக்க மெஷினை நிறுத்தினால் சுவரில் தட்டி, "என்னண்ணே, டீ குடிச்சது போதும்!" என்று சத்தம் வருகிறது. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவனை நிறுத்து நிறுத்து என்று உயிரை எடுத்தாள், இப்போது ஓட்டு ஓட்டு என்று எடுக்கிறாள். என் ஜாதகம் அப்படி.

போன வாரம் அவர் கிளம்புகிற காலை. முகம் தெளிந்து, கன்னம்கூடக் கொஞ்சம் பூசின மாதிரி இருந்தது. வீட்டில் சொல்லிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நடந்தார். வாலு என் பட்டறைப் படியில் மரச்சுருளை விரலில் மாட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கயிறு பக்கத்தில் சும்மா கிடந்தது. அவர் நாலு வீடு தாண்டியிருப்பார். ரகசியக் குரலெல்லாம் அவளுக்கு மறந்தே போய்விட்டது, தொண்டையைத் திறந்து என்னிடம் கேட்டாள்.

"மாமா, அப்பா மறுபடி எப்ப வருவாங்க?"

அவர் நின்றார். திரும்பி வந்தார். பையை இறக்கிப் படியில் வைத்துவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, லாரி ஆபீஸாகத்தான் இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்தூள் விழுந்தது என்று சொல்லலாம், ஆனால் மெஷின் அப்போது ஓடவில்லை.

"என்னம்மா கேட்ட?"

"நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டேன்."

"இன்னொரு தடவை கேளு" என்றார் அவர்.